வெனிஸுக்கு வீல்சேரில் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவை வீல்சேரில் வைத்து வெனிஸ் சுற்றிக் காட்டியவன் என்று பெயர் வாங்கிவிட்டதால், யார் வீட்டில் இத்தாலிப் பயணம் என்றாலும் எனக்குக் கேள்விகள் வந்துவிடுகின்றன. பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஊர் முழுக்கப் பாலம். வீல்சேரோடு போவது நடக்கிற காரியமா?

நடக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட குட்டித் தீவுகளை 400க்கும் மேற்பட்ட பாலங்களால் கோத்து வைத்த ஊர் வெனிஸ். அடியில் படகு போக வேண்டுமே, அதனால் பாலங்களை நடுவில் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். ஏறப் படி, இறங்கப் படி. நடந்து போகிறவர்களுக்கான வரைபடத்தை நம்பிக் கிளம்பினால் பத்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு பாலத்தின் கீழே மாட்டிக்கொண்டு நிற்பீர்கள்.

ஆனால் ஒவ்வொரு தீவுக்குள்ளும் தரை சமம்தான். ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டத்தான் வழி வேண்டும். அந்த வழி வாப்பரெட்டோ. நம் ஊர் டவுன் பஸ் மாதிரி, நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று போகும் பொதுப் படகு. ஊரின் சுமார் 70 சதவீதப் பகுதிக்கு, ஒரு பாலம்கூட ஏறாமல், இந்தப் படகிலேயே போய் இறங்கிவிடலாம் என்பது நகராட்சி சொல்லும் கணக்கு. வீல்சேர் போகக்கூடிய பகுதிகளுக்குப் பச்சை நிறம் பூசி ஒரு வரைபடமும் வெளியிடுகிறார்கள். ஹோட்டல் தேடுவதற்கு முன்பே அதை எடுத்துப் பாருங்கள். எந்தப் படகுத்துறையில் இறங்கினால் எது பக்கம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படகில் எப்படி ஏற்றுவது? தூக்க வேண்டுமா?

தூக்க வேண்டாம். எல்லோருக்கும் முதலில் வரும் பயம் இதுதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

வாப்பரெட்டோ நிறுத்தம் என்பது தண்ணீரில் மிதக்கும் ஒரு மேடை. கரையிலிருந்து அந்த மேடைக்கு ஒரு சிறு நடைபாலம் இருக்கும். மேடை மிதப்பதால் படகின் தளமும் மேடையும் எப்போதும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில்தான் இருக்கும். படகு வந்ததும் ஊழியர் கயிற்றைக் கட்டையில் சுற்றி இறுக்குவார். படகு மேடையை ஒட்டி நின்றதும் தடுப்புக் கம்பியை ஓரமாகத் தள்ளித் திறப்பார். முதலில் இறங்குகிறவர்கள், அப்புறம் ஏறுகிறவர்கள். வீல்சேரைப் பார்த்தால் பெரும்பாலும் அவரே கையைக் காட்டி முன்னால் வரச் சொல்லிவிடுவார். இடையில் ஒரு சிறு இடுக்கும், சில நேரம் இரண்டு விரல் உயர வித்தியாசமும் இருக்கும். முன் சக்கரங்களைச் சற்றுத் தூக்கி உள்ளே வைத்துவிட்டால் பின் சக்கரங்கள் தானாக ஏறிவிடும். ஏறியதும் தளத்தின் நடுவில், திறந்த இடத்தில் வீல்சேர் நிறுத்த இடம் உண்டு. அங்கே நிறுத்தி பிரேக் போட்டுவிடுங்கள்.

சிரமம் இருப்பது அந்த நடைபாலத்தில்தான். கடல்மட்டம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். சில நாட்களில் அரை மீட்டருக்கு மேல்கூட வித்தியாசம் வரும். நீர் வற்றியிருக்கும் நேரத்தில் மேடை தாழ்ந்துவிடும், நடைபாலம் செங்குத்தாகச் சாய்ந்துவிடும். காலையில் சுலபமாக உருட்டிக்கொண்டு இறங்கிய அதே துறையில் மாலையில் மூச்சு வாங்கத் தள்ளி ஏற்ற வேண்டியிருக்கும். இறங்கும்போது வீல்சேரைத் திருப்பி, நீங்கள் முன்னால் பின்நடையாக இறங்கினால் கட்டுப்பாடு உங்கள் கையில் இருக்கும். தானே ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்த ஓரிடத்தில் மட்டும் யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்வது நல்லது.

கூட்டம் இன்னொரு தொல்லை. கோடைக்காலத்தில் பத்து மணிக்கு மேல் முதலாம் எண் படகில் நிற்கவே இடம் இருக்காது. ஒன்பது மணிக்கு முன்பு கிளம்பிவிடுங்கள்.

எல்லாப் படகுகளிலும் ஏறலாமா?

இல்லை. 1, 2 என்ற எண்ணுள்ள படகுகள் பெரியவை, அகலமானவை, வீல்சேருக்கு ஏற்றவை. முதலாம் எண், ஊரின் நடுவே ஓடும் பெரிய கால்வாயின் ஏறக்குறைய எல்லா நிறுத்தங்களிலும் நின்று லீடோ தீவு வரை போகும். இரண்டாம் எண் குறைவான இடங்களில் நின்று, ஜூதெக்கா தீவுப் பக்கமாகவும் சுற்றி வரும். ஊரின் வெளிவட்டத்தில் ஓடும் 4.1, 4.2, 5.1, 5.2 எல்லாம் தாழ்ந்த, சிறிய படகுகள். ஒரு நேரத்தில் ஒரு வீல்சேருக்குத்தான் இடம், ஏறுவதும் சிரமம். இரண்டு வீல்சேர்கள் உள்ள குழு என்றால் அவற்றை மறந்துவிடுங்கள். என் அபிப்பிராயம், முதல் தடவை போகிறவர்கள் 1, 2 இரண்டை மட்டுமே வைத்துத் திட்டம் போடலாம். பார்க்க வேண்டியதில் முக்கால்வாசி அந்த வழியில்தான் இருக்கிறது.

டிக்கெட்?

75 நிமிடத்துக்குச் சாதாரண டிக்கெட் 9.50 யூரோ. வீல்சேரில் வருகிறவருக்கு 1.50 யூரோ, கூட வரும் ஒருவருக்கு இலவசம். இந்தச் சலுகை டிக்கெட்டைக் கவுன்ட்டரில் கேட்டு வாங்குங்கள். இது தெரியாமல் பல நாள் பாஸை முன்கூட்டியே இணையத்தில் வாங்கி வைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய.

ஹோட்டலை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பணத்தையும் நேரத்தையும் இதில் செலவழியுங்கள். மற்ற எதில் தவறினாலும் சமாளிக்கலாம். ஹோட்டலுக்கும் படகுத்துறைக்கும் நடுவில் ஒரே ஒரு பாலம் வந்துவிட்டால் ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை அவதிதான்.

வெனிஸ் முகவரியைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. தெருவுக்குத் தெரு கதவு எண் போடாமல், ஆறு பேட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பேட்டை முழுவதற்கும் ஒரே வரிசையில் ஆயிரக்கணக்கில் எண் போட்டிருக்கிறார்கள். 'சான் மார்க்கோ 2400' என்றால் அது ஊரின் முக்கியச் சதுக்கமான சான் மார்க்கோ சதுக்கத்துக்குப் பக்கத்திலும் இருக்கலாம், ஐந்து பாலம் தள்ளியும் இருக்கலாம். 'சதுக்கத்திலிருந்து 300 மீட்டர்' என்று விளம்பரத்தில் போட்டிருப்பதும் உதவாது. அந்த 300 மீட்டருக்குள் எத்தனை படி என்று அதில் இருக்காது.

எனவே ஹோட்டலுக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். 'வீல்சேர் வசதி உண்டா' என்று மட்டும் கேட்டால் 'உண்டு' என்று பதில் வரும். அப்படிப் பதில் சொன்ன ஒரு ஹோட்டலின் வாசலில் நாங்கள் நான்கு படிகளைப் பார்த்தோம். லிஃப்ட் இருந்தது, படிகளுக்கு அப்புறம்! கேள்வியை உடைத்துக் கேட்க வேண்டும். பக்கத்து வாப்பரெட்டோ நிறுத்தத்தின் பெயர் என்ன? அங்கிருந்து உங்கள் வாசல் வரை எத்தனை பாலம்? வாசலில் எத்தனை படி? லிஃப்ட் கதவின் அகலம் எத்தனை சென்டிமீட்டர், உள்ளே ஆழம் எவ்வளவு? குளியலறைக் கதவின் அகலம்? குளிக்கிற இடத்தில் தொட்டியா, தரைமட்டமா? வாசலையும் குளியலறையையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல ஹோட்டல் என்றால் ஒரு நாளில் அனுப்பிவிடும்.

பழைய மாளிகைகளைத்தான் ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். லிஃப்ட் எல்லாம் இருக்கிற இடுக்கில் பிற்பாடு நுழைத்தவை. மடக்கும் நாற்காலி நுழையும், பெரிய மோட்டார் நாற்காலி நுழையாது. வெள்ளம் உள்ளே வராமல் தடுக்க வாசலில் பலகை செருகுகிற வழக்கமும் உண்டு. வெள்ளக் காலத்தில் போகிறீர்கள் என்றால் அப்போது வீல்சேரை எப்படி வெளியே கொண்டுவருவார்கள் என்றும் கேட்டுவிடுங்கள்.

மெஸ்த்ரேயில் தங்கினால் மலிவாமே?

ஆமாம். மெஸ்த்ரே நிலப்பரப்பில் உள்ள பகுதி. புதிய கட்டடங்கள், அகலமான லிஃப்ட், வாடகையும் குறைவு. அங்கிருந்து தாழ்தள டிராம் வெனிஸின் பஸ் நிலையமான பியாட்சாலே ரோமா வரை வருகிறது. ஆனால் காலையும் மாலையும் கூட்டத்தில் வந்து போக வேண்டும், இரவில் கால்வாய் ஓரம் உட்கார்ந்திருக்கும் சுகமும் போய்விடும்.

நான் சிபாரிசு செய்வது லீடோ. கடலுக்கும் காயலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் தட்டைத் தீவு. கார், பஸ், நடைபாதை, மரங்கள் எல்லாம் உண்டு. முதலாம் எண் படகு அங்கேதான் முடிகிறது, ஐந்து நிறுத்தங்களில் சான் மார்க்கோ வந்துவிடும். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு அங்கே கடற்கரை வேறு.

விமான நிலையத்திலிருந்தும் ரயில் நிலையத்திலிருந்தும் எப்படி வருவது?

மார்க்கோ போலோ விமான நிலையத்திலிருந்து படகிலும் வரலாம், பஸ்ஸிலும் வரலாம். படகில் வருவது அழகு, பஸ் சுலபம். பெட்டி, நாற்காலி, நீண்ட பயணக் களைப்பு எல்லாம் சேர்ந்திருக்கும்போது நான் பஸ்ஸைத்தான் சொல்வேன். பியாட்சாலே ரோமாவில் இறக்கிவிடும். கார், பஸ், டிராம் எல்லாம் அந்த இடத்தோடு சரி. அதற்கு மேல் தண்ணீர்தான். அங்கேயே வாப்பரெட்டோ துறை.

ரயில் என்றால் சாந்தா லூச்சியா நிலையம். வெளியே வந்ததுமே பெரிய கால்வாய். நிலையத்தின் முன்னால் அகலமான படிக்கட்டு இருக்கிறது, பதற வேண்டாம், ஓரத்தில் சாய்தளமும் உண்டு. இத்தாலிய ரயில் நிலையங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் பிரிவுக்கு 'சாலா ப்ளூ' என்று பெயர். ரயிலுக்கும் நடைமேடைக்கும் உள்ள உயர வித்தியாசத்துக்கு அவர்கள்தான் தூக்கும் வண்டி கொண்டுவந்து ஏற்றி இறக்க வேண்டும். ஒரு நாள் முன்பாவது சொல்லி வையுங்கள்.

பியாட்சாலே ரோமாவுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில் இருக்கும் புதுப் பாலத்தில் வீல்சேருக்கு லிஃப்ட் உண்டு என்று படித்தேனே?

இருந்தது. அந்தக் கதை கேட்க வேண்டிய கதை.

பெரிய கால்வாயைத் தாண்ட நான்கே பாலங்கள்: ரியால்டோ, அக்காடமியா, ஸ்கால்சி, கடைசியாக 2008இல் திறந்த அரசியல் சாசனப் பாலம். கடைசியாகச் சொன்னதை வடிவமைத்தவர் ஸ்பானியக் கட்டடக் கலைஞர் சாந்தியாகோ காலத்ராவா. கண்ணாடிப் படிகள் பதித்த, வில் போல வளைந்த அழகான பாலம். இருபத்தோராம் நூற்றாண்டில், பஸ் நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில், பெட்டியைச் சக்கரத்தில் இழுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் போகிற இடத்தில் கட்டிய பாலத்துக்குப் படி! ஒரு சாய்தளம் கிடையாது.

எதிர்ப்பு கிளம்பியதும் பாலத்தின் பக்கவாட்டில் தண்டவாளம் அமைத்து, முட்டை வடிவத்தில் ஒரு சிவப்புக் கூண்டைத் தொங்கவிட்டார்கள். அதற்கு மட்டும் 20 லட்சம் யூரோ அளவுக்குச் செலவு. 2013இல்தான் ஓடத் தொடங்கியது. மெதுவாக ஊர்ந்தது, வெயிலில் உள்ளே புழுங்கியது, அடிக்கடி நின்றுபோனது. கடைசியில் 2020இல் கழற்றி எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய வருடம் காலத்ராவாவுக்கு இத்தாலியத் தணிக்கை நீதிமன்றம் 78,000 யூரோ அபராதமும் போட்டது. அது படி, செலவு சம்பந்தப்பட்ட அலட்சியத்துக்காக. கண்ணாடியில் வழுக்கி விழுந்தவர்கள் கணக்கும் பெரிது, அதனால் கண்ணாடிக்குப் பதில் கல் பதிக்க முடிவெடுத்தார்கள்.

ஆக, இன்று அந்தப் பாலத்தை வீல்சேரில் தாண்ட வழியில்லை. பியாட்சாலே ரோமாவில் வாப்பரெட்டோ ஏறினால் எதிர்க்கரையில் ரயில் நிலையத் துறை. முட்டைக்கூண்டுக்கு முன்பும் இதுதான் வழி, இப்போதும் இதுதான்.

சான் மார்க்கோ சதுக்கத்துக்கு எந்தத் துறையில் இறங்க வேண்டும்?

வல்லரெஸோ. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 'சான் மார்க்கோ' என்ற பெயரோடு இரண்டு துறைகள் வரும். ஒன்று வல்லரெஸோ, இன்னொன்று சான் ஸக்கரியா. படகிலிருந்து பார்த்தால் சான் ஸக்கரியாதான் டோஜே (பழைய வெனிஸின் ஆட்சித் தலைவர்) அரண்மனைக்குப் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும், கூட்டமும் அங்கேதான் இறங்கும். ஆனால் அங்கிருந்து சதுக்கத்துக்கு வர பாலியா பாலத்தை ஏறி இறங்க வேண்டும். பெருமூச்சுப் பாலத்தைப் படம் எடுக்க எல்லோரும் மொய்த்து நிற்பார்களே, அந்தப் படிப் பாலம். வல்லரெஸோவில் இறங்கினால் எதிரே ஒரு குறுகிய சந்து நேராகப் போகும். அதன் முடிவில் வலப்பக்கம் திரும்பினால் சதுக்கம் வந்துவிடும், வழியில் பாலமே இல்லை. தோட்டத்தின் ஓரமாகக் கரையோடு போகலாம் என்று ஆசைப்படாதீர்கள், அந்தப் பக்கம் ஒரு பாலம் குறுக்கிடும்.

அரண்மனை, பசிலிக்கா உள்ளே போக முடியுமா?

டோஜே அரண்மனையில் லிஃப்ட் இருக்கிறது. பெரிய மன்றக் கூடம் வரை போய்ப் பார்க்கலாம், அதைப் பார்ப்பதற்கே ஒரு மணி நேரம் வேண்டும். பெருமூச்சுப் பாலத்தின் உட்புறமும் அதைத் தாண்டிய சிறையும் குறுகலும் படியுமாக இருப்பதால் முடியாது. வாசலிலேயே ஊழியரிடம் சொல்லிவிடுங்கள், சுற்றிவரும் வழியை மாற்றி அழைத்துப் போவார்கள். நகராட்சி அருங்காட்சியகம் என்பதால் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருகிறவருக்கும் இலவசம்.

சான் மார்க்கோ பசிலிக்காவுக்கு முன்வாசலில் வரிசையில் நிற்காதீர்கள். வடக்குப் பக்கம், இரண்டு சிங்கச் சிலைகள் இருக்கும் சிறு முற்றத்தின் ஓரத்தில் 'மலர்களின் வாசல்' என்று ஒன்று உண்டு. வீல்சேருக்கு அந்த வழிதான். உள்ளே பளிங்குக் கல் துண்டுகளால் கோலம் போட்டது போன்ற தரை, பல நூற்றாண்டுகளாகக் கீழே மண் இறங்கி இறங்கி அலை அலையாக மேடு பள்ளமாகக் கிடக்கிறது. மெதுவாகத் தள்ளுங்கள். தலைக்கு மேலே தங்க மொசைக் கூரை. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டால், நின்றுகொண்டு கழுத்தை வளைத்துப் பார்க்கிறவர்களைவிட வசதியாகப் பார்க்கலாம். அம்மா அங்கிருந்து கிளம்ப மறுத்துவிட்டார்.

சதுக்கத்தின் கடிகாரக் கோபுரம் முழுக்கக் குறுகிய படிகள். அதை வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி.

ரியால்டோ பாலம்?

ஏற முடியாது. 1591இல் முடித்த பாலம், முழுக்கப் படி. ஆனால் கரையிலிருந்து பார்த்தால்தான் பாலமே கண்ணில் படும், ஏறினால் கடைகள்தான். ஒரு கரையில் ரியால்டோ துறை, எதிர்க்கரையில் ரியால்டோ மெர்க்காத்தோ துறை. முதலாம் எண் படகு இரண்டிலும் நிற்கும். பாலத்தை அடியிலிருந்து பார்த்துக்கொண்டே எதிர்க்கரைச் சந்தைக்குப் போய்விடலாம். காய்கறியும் மீனும் காலையில்தான். ஞாயிறும் திங்களும் மீன் சந்தை கிடையாது.

வேறு எங்கெல்லாம் பாலம் ஏறாமல் போகலாம்?

அக்காடமியா ஓவியக் கூடம் துறைக்கு எதிரிலேயே. லிஃப்ட் உண்டு. வெனிஸ் ஓவியர்களுக்கென்றே உள்ள இடம் அது. ஒரு நாள் மழை பெய்தால் அங்கே போய்விடுங்கள்.

கா தோரோ துறையில் இறங்கி ஒரு சிறு சந்தைத் தாண்டினால் ஸ்த்ராதா நோவா. ஊரில் அபூர்வமாகக் கிடைக்கும் அகலமான கடைத்தெரு. இரண்டு பக்கமும் பாலம் வரும்வரை போய்த் திரும்பலாம்.

கிழக்கு முனையில் வியா கரிபால்தி எனக்குப் பிடித்த தெரு. நெப்போலியன் காலத்தில் ஒரு கால்வாயைத் தூர்த்துப் போட்டது, அதனால்தான் அவ்வளவு அகலம். காய்கறிக் கடை, காபிக் கடை, துணி உலர்த்தும் கொடிகள், பந்து விளையாடும் பிள்ளைகள். சுற்றுலாக் கூட்டம் இந்தப் பக்கம் குறைவு. ஜூதெக்காவின் கரையும் அப்படித்தான், இரண்டாம் எண் படகு அங்கே நிற்கும். எதிரே வெனிஸ் முழுவதும் விரிந்து தெரியும்.

தரை எப்படி? கரடுமுரடான கல் பாவியிருக்குமே?

ரோம், பிராகா அளவுக்கு மோசமில்லை. பெரிய பெரிய தட்டைக் கற்கள், தேய்ந்து வழவழப்பானவை. மழையில் வழுக்கும். குலுக்கல் குறைவு. காரும் ஸ்கூட்டரும் குறுக்கே வராது என்பது சொல்லாமல் விடுகிற பெரிய சௌகரியம்.

நாலு பேர் சேர்ந்து தூக்கினால் சின்னப் பாலங்களைத் தாண்டலாம்தானே?

கூட வருகிறவர்கள் திடமானவர்கள், நாற்காலி எடை குறைந்தது, உட்கார்ந்திருக்கிறவருக்குச் சம்மதம் என்றால் ஒன்றிரண்டு பாலம் தாண்டலாம். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். வழிப்போக்கர்கள் நல்ல மனதோடு ஆளுக்கொரு பக்கம் பிடிக்க வருவார்கள். கழன்று வரக்கூடிய கைப்பிடியிலோ கால்தாங்கியிலோ கை வைத்துவிட்டால் ஆபத்து. மோட்டார் நாற்காலி என்றால் யோசிக்கவே வேண்டாம், ஆளோடு சேர்த்து 150 கிலோவைத் தாண்டிவிடும்.

ஒரு காலத்தில் சில பாலங்களில் சாவி போட்டு இயக்கும் படி-லிஃப்ட் வைத்திருந்தார்கள். பழைய வழிகாட்டிப் புத்தகங்களில் இன்னும் அந்தக் குறிப்பு இருக்கும், நம்ப வேண்டாம். அக்டோபர் கடைசியில் வெனிஸ் மராத்தான் நடக்கும். ஓட்டக்காரர்களுக்காகக் கரையோரப் பாலங்களின் படிகள் மேல் சாய்தளம் போடுவார்கள், அவற்றில் சிலதை அடுத்த சில மாதங்கள் எடுக்காமல் விடுவதும் வழக்கம். ஓடுகிறவர்களுக்காகப் போட்டது வீல்சேருக்குப் பயன்படுகிறது!

மோட்டார் வீல்சேரை விமானத்தில் கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம். டிக்கெட் எடுத்த கையோடு விமான நிறுவனத்திடம் நாற்காலியின் எடை, நீள அகல உயரம், பேட்டரி வகை எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கள். எப்படியும் 48 மணி நேரத்துக்கு முன்பே உதவி கேட்டிருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. அதே விதிப்படி அங்கே உங்கள் நாற்காலிக்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி என்றால் கழற்றி, முனைகளை மூடி, கையோடு கேபினுக்குள் எடுத்துப் போக வேண்டும். 300 வாட்-மணி வரை என்பது வழக்கமான வரம்பு. கொடுக்கும்போது நாற்காலியை நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உடைந்து வந்தால் பேசுவதற்கு வேண்டும்.

இத்தாலியிலும் 230 வோல்ட்தான், சார்ஜருக்கு ஆபத்தில்லை. நம் மூன்று முள் பிளக் மட்டும் நுழையாது, அடாப்டர் வேண்டும்.

கோண்டோலாவில் ஏற முடியுமா?

பியாட்சாலே ரோமாவில் 2016இல் இதற்கென்றே ஒரு துறை அமைத்தார்கள். வீல்சேரோடு அப்படியே கோண்டோலாவுக்குள் இறக்கும் தூக்கி அங்கே உண்டு. முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். மற்ற இடங்களில் படகுக்காரர்கள் கைத்தாங்கலாக உட்காரவைப்பார்கள். நாலு எட்டு நடக்க முடிகிறவர்களுக்கு அது போதும். உட்கார்ந்த நிலையில் இடுப்பைப் பிடித்துத் தூக்க வேண்டியவர்களுக்கு வேண்டாம், படகு ஆடும். உண்மையைச் சொன்னால், 1.50 யூரோ கொடுத்து முதலாம் எண் படகில் சூரியன் சாயும் நேரத்தில் பெரிய கால்வாய் முழுவதும் போவதற்கு ஈடாக அரை மணி நேரத்துக்கு 90 யூரோ கொடுக்கும் கோண்டோலாவை என்னால் சொல்ல முடியாது.

எந்த மாதம் நல்லது? வெள்ளம் வருமாமே?

ஏப்ரல், மே, செப்டம்பர். அக்டோபரிலிருந்து குளிர்காலம் முடியும்வரை கடல் ஏறி ஊருக்குள் வரும் காலம். 2019 நவம்பர் 12 அன்று கடல்மட்ட அளவுகோலில் 187 சென்டிமீட்டர் வரை ஏறியது, 1966க்குப் பிறகு அவ்வளவு உயரம் அதுதான். 2020 அக்டோபரிலிருந்து காயலின் வாய்களில் மோசே என்ற எழும்பும் மதகுகளை இயக்குகிறார்கள், பெரிய வெள்ளங்கள் நின்றுவிட்டன. ஆனால் வழக்கமாக நீர் 110 சென்டிமீட்டருக்கு மேல் போகும் என்று கணித்தால்தான் மதகை எழுப்புவார்கள். சான் மார்க்கோ சதுக்கம் ஊரிலேயே தாழ்ந்த இடம், 80, 90 வந்தாலே தண்ணீர் தேங்கத் தொடங்கும். அப்போது போடும் பலகை நடைபாதைகளில் வீல்சேர் ஏறாது. நகராட்சி தினமும் நீர்மட்டக் கணிப்பு வெளியிடும். காலையில் பார்த்துவிட்டுக் கிளம்பினால் போதும், சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

முரானோ, புரானோ?

இரண்டும் காயலில் உள்ள தீவுகள். அங்கே போவது 12ஆம் எண் படகு. ஆனால் அது கிளம்பும் பொந்தமெந்தே நோவே துறைக்கு வருவதற்கு 4.1, 5.1 போன்ற அந்தச் சிறிய படகுகள்தான் உண்டு. சுற்றுவழி ஒன்று இருக்கிறது: சான் ஸக்கரியாவிலிருந்து 14ஆம் எண் பெரிய படகில் புந்தா சபியோனி போய், அங்கிருந்து 12ஐப் பிடித்து புரானோ. நேரம் கூடும், ஆனால் காயலின் நடுவே போகும் பயணமே ஒரு காட்சிதான். சான் ஸக்கரியாவுக்கும் முதலாம் எண் படகிலேயே வந்து இறங்குங்கள், சதுக்கத்திலிருந்து உருட்டிக்கொண்டு வர முடியாது. காரணம் மேலே சொன்ன பாலியா பாலம்.

ஊருக்குள் நுழையக் கட்டணம் உண்டாமே?

2024 ஏப்ரல் 25இலிருந்து, கூட்டம் அதிகமான குறிப்பிட்ட நாட்களில், பகலில் வந்து போகிறவர்களுக்கு மட்டும். மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருகிறவருக்கும் விலக்கு. அருங்காட்சியகச் சலுகைகளுக்காகவும் சேர்த்து, யுடிஐடி அட்டை (இந்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை), இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் மருத்துவச் சான்று ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

கழிப்பறை?

பொதுக் கழிப்பறைகள் உண்டு, காசு கொடுக்க வேண்டும். காபிக் கடைகளில் இருப்பவை பெரும்பாலும் மாடிப்படிக்குக் கீழே, கதவைத் திறந்தால் முட்டி இடிக்கிற அளவு. அருங்காட்சியகத்துக்குள் இருக்கும்போதே போய் வந்துவிடுங்கள், அங்கேதான் இடம் தாராளம். அந்த நாளின் திட்டத்தை அதைச் சுற்றியே போட்டாலும் தவறில்லை: காலையில் டோஜே அரண்மனை, மதியம் அக்காடமியா, நடுவில் முதலாம் எண் படகு.